ஓமக்குளத்தின் கல்விக்கூடமும் மூன்று பெயர்ப் பட்டியலும்: சுவாமி சகஜானந்தரை இன்று வாசித்தல்

சிதம்பரத்தின் கல்வி வரலாறு என்றாலே பேச்சு அண்ணாமலைநகரில் தொடங்கி அண்ணாமலைநகரிலேயே முடிந்துவிடுகிறது. 1920-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929-இல் உருவான பல்கலைக்கழகம், அதைக் கட்டியெழுப்பிய செட்டிநாட்டுக் குடும்பம் என்று அந்த வரலாறு வரிசைப்படுத்தப்படுகிறது. ஆனால் அந்தக் கல்லூரிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1916-இல், அதே ஊரில் இருபத்தைந்து தலித் பிள்ளைகளோடு இன்னொரு கல்வி நிலையம் தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவரிடம் நிலமும் இல்லை, வங்கி இருப்பும் இல்லை, கல்லூரிப் பட்டமும் இல்லை. அவர் பெயர் சுவாமி சகஜானந்தர்.

பல்கலைக்கழகத் துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற கேள்வி சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு அரசியலின் மையத்தில் நிற்கிறது. ஆளுநருக்கா, மாநில அரசுக்கா அந்த அதிகாரம் என்ற வழக்கு நீதிமன்றங்களின் படிகளில் ஏறி இறங்குகிறது. மாநில உரிமை சார்ந்த அந்த வழக்கின் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நியமிக்கும் கை யாருடையது என்று கேட்பவர்கள், நியமனத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதில்லை. பட்டியலில் இடம்பெறும் தகுதியை அடைய ஒரு சேரிப்பிள்ளை எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. அதற்கு விடை தேடுகையில் சகஜானந்தரின் வாழ்க்கையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அவர் துணைவேந்தராக இருந்தவர் அல்லர். அப்பதவிக்குப் பரிசீலிக்கப்பட்டவரும் அல்லர். அப்படிப் பரிசீலிக்கப்படுவதற்கான முதற்படியைத் தன் மக்களுக்காகக் கட்டியவர் அவர்.

மூன்று பெயர்கள் கொண்ட ஒருவர்

1890 ஜனவரி 27 அன்று ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், அண்ணாமலை – அலமேலு இணையருக்கு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. அன்றைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு சிறுவனுக்கு எழுத்தறிவிக்க முன்வந்தவை பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளே. ஊர்ப் பள்ளிக்கூடங்கள் அக்ரகாரத்திலும் மேல்சாதித் தெருக்களிலும் கோயில் மண்டபங்களிலும் இருந்தன. அந்தத் தெருக்களில் கால்வைக்கும் உரிமையே இல்லாதவனுக்குப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று அரசு ஆணை பிறப்பித்துப் பயனில்லை.

திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய பள்ளியில் முனுசாமி சேர்ந்தார். படிப்பில் முதன்மையாக விளங்கிய அவருக்கு அங்கே சிகாமணி என்ற பெயர் சூட்டப்பட்டது. விவிலியத்தில் நல்ல தேர்ச்சி பெற்றார். மதம் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தபோது அவர் இணங்கவில்லை. அத்துடன் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. கல்வி உரிமையாக இல்லாமல் கருணையாக வழங்கப்படும் இடத்தில், பெறுபவன் ஏதோவொரு விலையைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதை அவர் சிறுவயதிலேயே கண்டுகொண்டார். பின்னாளில் சட்டமன்றத்தில் அரசுச் செலவிலான கல்விக்காக அவர் ஓயாது வாதாடியதற்கு அடித்தளம் இங்கே இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

பிழைப்புத் தேடிக் குடும்பம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வட ஆர்க்காட்டுத் தலித் மக்களுக்குப் பண்ணையடிமை வாழ்விலிருந்து தப்பிக்கக் கிடைத்த வழிகளில் ஒன்று கோலார் சுரங்கம். உழைப்பு கடுமையானது, உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆயினும் கூலி பணமாகக் கிடைத்தது, ஆண்டையின் முன் கைகட்டி நிற்கும் நிலை குறைந்தது. அங்கிருந்த தொழிலாளர்களிடையே வைணவ, சைவ பக்தி மரபுகளும், அயோத்திதாசரின் பௌத்தச் சிந்தனையும் ஒருங்கே பரவின. முனுசாமியை ஈர்த்தது துறவு வழி. அங்கே நீலமேக சுவாமிகளின் தொடர்பு கிடைத்தது. பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் ஆசிரமத்தை அடைந்தார். அங்கே தமிழ் இலக்கியமும் வடமொழியும் வேதாந்தமும் கற்றார். சகஜானந்தர் என்ற துறவுப் பெயர் அங்கே அவருக்கு அமைந்தது.

வடமொழியைச் செவியால் கேட்பதும் குற்றம் என்று சாத்திரம் எழுதிவைத்த ஒரு சமூகத்தில், அம்மொழியைக் கற்றுத் தேர்ந்து, சைவ சாத்திர விவாதங்களில் எவரோடும் எதிர்நின்று பேசும் ஆற்றல் பெற்றார் ஒரு தலித் இளைஞர். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் வழங்கவில்லை. அவர் பெற்ற அறிவோ எந்தப் பட்டதாரிக்கும் குறைந்ததன்று.

ஏன் சிதம்பரம்?

1910-இல், இருபது வயதில், சகஜானந்தர் சிதம்பரம் வந்து சேர்ந்தார். ஆரணியில் பிறந்து, கோலாரில் வாழ்ந்து, சென்னையில் கற்ற ஒருவர் சிதம்பரத்தைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. நந்தன் தன் வாழ்நாளெல்லாம் நாளைப் போவேன் என்று ஏங்கிய ஊர் அது.

கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனாரைப் பெரியபுராணம் திருநாளைப்போவார் என்று போற்றுகிறது. தீயில் மூழ்கி எழுந்து, பூணூல் அணிந்த முனிவராக மாறிய பின்னரே தில்லைக் கூத்தனைக் காண அவர் அனுமதிக்கப்பட்டார் என்றும் அதே புராணம் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் பிராமணப் பண்ணையாரைக் கொண்டுவந்து கீர்த்தனை நாடகமாக்கினார். மேடையிலும், பின்னர் திரையிலும் நந்தனார் கதை மக்களைக் கண்ணீர்விட வைத்தது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். நந்தனுக்காக அழுத அதே மக்கள் வெளியே வந்து தம் பண்ணையாளைத் தெருவுக்கு அப்பால் நிறுத்தினார்கள் என்பதே தென்னார்க்காட்டின் நடைமுறை.

நந்தன் தீப்புகுந்த இடம் என்று மரபு சுட்டுவது ஓமக்குளம். அந்த ஓமக்குளத்தையே சகஜானந்தர் தம் பணியின் களமாக்கிக்கொண்டார். உடல் எரிந்து தூய்மை பெற வேண்டும் என்று சொல்லப்பட்ட இடத்தில் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டும் என்றார். சைவத்தை அவர் துறக்கவில்லை. ஆனால் சைவம் நந்தனிடம் கேட்ட விலையைத் தம் மக்களிடம் கேட்க அவர் இடம் தரவில்லை.

இருபத்தைந்து பிள்ளைகள்

1916-இல் நந்தனார் கல்விக் கழகம் உருவாயிற்று. அதன் கீழ் இருபத்தைந்து மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. இந்த எண்ணிக்கையைச் சிறியதென்று கருதுபவர்கள் அன்றைய சிதம்பரம் வட்டத்தின் வயல்வெளியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீராணமும் கொள்ளிடமும் நீர் பாய்ச்சும் அந்த நெல்வளப் பகுதியில் நிலம் மடங்களிடமும் கோயில்களிடமும் பெருநிலக்கிழார்களிடமும் இருந்தது. உழைப்பு சேரியிடம் இருந்தது. பண்ணையாளின் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் மாடு மேய்க்கும் ஆளாகக் கணக்கில் சேர்க்கப்பட்டான். ஒரு சிறுவன் பள்ளிக்குப் போனால் பண்ணையில் ஓர் ஆள் குறையும். தகப்பன் வாங்கிய கடனுக்கு ஈடும் குறையும். ஆகவே பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பண்ணையாரின் எதிர்ப்பைக் கடந்து வந்த பிள்ளை.

இதனால்தான் பள்ளியோடு விடுதியும் தேவைப்பட்டது. காலையில் பள்ளிக்கு வந்து மாலையில் சேரிக்குத் திரும்பும் பிள்ளை, எந்த நாளிலும் பண்ணை வேலைக்கு இழுக்கப்படலாம். உணவும் உறைவிடமும் தந்து ஊருக்கு அப்பால் வைத்துப் படிக்கச் செய்தால்தான் கல்வி தொடரும். இந்த எளிய உண்மையைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கல்வியியல் பட்டம் தேவைப்படவில்லை. இன்று ஆதிதிராவிடர் நல விடுதிகளின் பாழடைந்த கட்டடங்களையும் குறைந்த உணவுப் படியையும் எதிர்த்து எழுதும் ஒவ்வொரு மனுவும் சகஜானந்தர் நூறாண்டுக்கு முன் கண்ட அதே உண்மையின் மீதே நிற்கிறது.

பள்ளி நன்கொடைகளால் வளர்ந்தது. சாதி கடந்து உதவியோரும் இருந்தனர். தேசிய இயக்கத் தலைவர்களின் கவனமும் கிட்டியது. காந்தி 1927-இலும், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது 1934-இலும் சிதம்பரம் வந்தார்; நந்தனைச் சத்தியாகிரகத்தின் முன்னோடியாகப் போற்றினார். சகஜானந்தர் அந்த ஆதரவைத் தம் நிறுவனத்துக்கு வலிமையாக்கிக்கொண்டார். பரஞ்சோதி என்ற இதழையும் நடத்தினார். பிற்காலத்தில் அந்தப் பள்ளி அரசின் பொறுப்பில் வந்தது. சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் இயங்கும் ஆண்கள், பெண்கள் மேல்நிலைப் பள்ளிகள் அந்த இருபத்தைந்து பிள்ளைகளின் தொடர்ச்சி. கடலூர், நாகை, அரியலூர் வட்டாரங்களில் தலித் குடும்பங்களின் முதல் ஆசிரியரும் முதல் அரசு ஊழியரும் யார் என்று விசாரித்துப் போனால், பல நேரங்களில் தடம் ஓமக்குளத்தில் வந்து நிற்கும்.

நிறுவனர் என்ற சட்டச் சொல்

இதே ஊரில், இதே காலத்தில், உயர்கல்வி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை வழக்கறிஞர்களாகிய நாங்கள் சட்ட நூலைத் திறந்தே பார்க்க விரும்புகிறோம். அண்ணாமலைச் செட்டியார் தம் கல்லூரிகளையும் இருபது இலட்சம் ரூபாயையும் வழங்க, சென்னை மாகாண அரசும் நிதி வழங்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் நிறுவனர் என்ற ஒருவரை உருவாக்கியது. அவர் இணைவேந்தர். அவருக்குப் பின் அவருடைய வாரிசுக்கு அந்த இடம். துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்கள் கொண்ட பட்டியலை அளிக்கும் உரிமை நிறுவனருக்கு. அந்த மூவரில் ஒருவரை நியமிப்பது வேந்தரின் கடமை. 2013-இல் மாநில அரசு புதிய சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்வரை, எண்பது ஆண்டுகளுக்கு மேல், இந்த அமைப்பே நிலவியது.

பல்கலைக்கழகம் செய்த தமிழ்ப் பணியையும், அது உருவாக்கிய அறிஞர்களையும் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கம் அன்று. நம் பாட்டாளிப் பிள்ளைகள் பலரும் அங்கே படித்துத்தான் வெளியே வந்தார்கள். இங்கே சுட்ட விரும்புவது ஒன்றை மட்டுமே. செல்வம் படைத்தவர் கல்வி நிலையம் தொடங்கினால் சட்டம் அவருக்குத் தலைமுறை உரிமை தந்தது. சேரிப்பிள்ளைகளுக்காகத் தம் வாழ்நாளையே வழங்கியவர் கல்வி நிலையம் தொடங்கினால், அது ஆண்டுதோறும் மானியத்துக்காகவும் நன்கொடைக்காகவும் கையேந்தி நின்றது. இருவருமே நிறுவனர்கள். ஒருவர் சட்டத்தின் பொருளில் நிறுவனர். மற்றவர் மக்களின் நினைவில் மட்டுமே நிறுவனர்.

உலகின் வேறு பகுதியில் இதே காலத்தில் நடந்ததை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அமெரிக்காவில் முன்னாள் அடிமைகளின் மகளான மேரி மெக்லியோட் பெத்யூன் 1904-இல் புளோரிடா மாநிலத்தின் டேட்டோனாவில் ஐந்து கறுப்பினச் சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1923-இல் அது குக்மன் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. பெத்யூன் அதன் தலைவராக இருந்தார். இன்று அது ஒரு பல்கலைக்கழகம். நம் நாட்டில் அண்ணல் அம்பேத்கர் 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி என்று பின்னர் பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கினார். ஓமக்குளத்தின் பள்ளியோ சகஜானந்தரின் காலத்தில் கல்லூரியாகவில்லை.

அதை அவருடைய குறையாகக் கொள்வது நியாயமாகாது. கல்லூரிக்குத் தேவை நிலம், கட்டடம், மூலதனம், பல்கலைக்கழக இணைப்பு, பட்டம் பெற்ற ஆசிரியர்கள். இவற்றுள் எதுவும் அவர் மக்களிடம் இல்லை. எழுத்தறிவே இல்லாத ஒரு சமூகத்தில் முதல் வேலை தொடக்கப் பள்ளி. அதன்பின் உயர்நிலைப் பள்ளி. ஒரு முழுத் தலைமுறையின் உழைப்பு அந்த இரண்டு படிகளிலேயே செலவாயிற்று. மற்றவர் முன்னேறிச் சென்ற படிகளின் மேல் நின்று, இவர்கள் ஏன் இன்னும் இங்கே வரவில்லை என்று கேட்பதே சாதியச் சமூகத்தின் வழக்கம்.

சட்டமன்றத்தில்

பள்ளியை நடத்திக்கொண்டே கல்விக்காக அரசை நெருக்கவும் வேண்டும் என்பதைச் சகஜானந்தர் உணர்ந்திருந்தார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். இடையில் சிறு இடைவெளி தவிர, மறையும்வரை சட்டமன்றப் பணியில் இருந்தார். விடுதலைக்குப் பின் 1952, 1957 தேர்தல்களில், இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த சிதம்பரத்திலிருந்து காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மன்றத்தில் அவர் பேசிய பொருள்கள் இன்றும் பழையதாகவில்லை: கல்வி உதவித்தொகை, விடுதி, குடியிருப்பு மனை, உழுபவனுக்கு நிலம், அரசுப் பணியில் உரிய பங்கு. நியமன உறுப்பினராகப் பலர் அரசுக்குத் தலையாட்டிய காலம் அது. காவியுடுத்த ஒரு தலித் துறவி அங்கே எழுந்து, ஒதுக்கப்பட்ட தொகை ஏன் செலவாகவில்லை, கிணறு ஏன் வெட்டப்படவில்லை என்று கணக்குக் கேட்டார்.

அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்தில்தான் இட ஒதுக்கீட்டின் முதல் பெரும் நெருக்கடி வந்தது. கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. பதினான்கு இடங்களில் இரண்டு, அன்று அரிசனர் எனக் குறிக்கப்பட்ட மக்களுக்கு. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அடிப்படை உரிமை என்ற பெயரில், ஒதுக்கப்பட்டவர்களுக்கான வாசல் மூடப்பட்டது. சென்னை மாகாணத்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று ஒரு தலித் மாணவர் மருத்துவக் கல்லூரியிலோ சட்டக் கல்லூரியிலோ சேரும் உரிமை அந்த உட்பிரிவில் வேர்கொண்டுள்ளது. அந்த இடத்தைக் கேட்பதற்குப் பள்ளியிறுதி முடித்த பிள்ளைகளைச் சிதம்பரம் வட்டாரத்தில் உருவாக்கிக் கொடுத்தது நந்தனார் பள்ளி.

கோயில் வாசல்

சகஜானந்தரின் வாழ்வில் கல்வியும் கோயில் நுழைவும் பிரிக்க முடியாதவை. 1938-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடந்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது முன்னின்றவர் சகஜானந்தர். நந்தன் தீயில் மூழ்கிய பிறகே பெற்றதாகச் சொல்லப்படும் காட்சியை, அவன் வழிவந்தவர்கள் சட்டத்தின் துணையோடு, தங்கள் உடலோடும் தங்கள் பெயரோடும் பெற்றனர்.

சட்டம் திறந்த வாசலைச் சமூகம் முழுமையாகத் திறந்துவிடவில்லை. நந்தன் நுழைந்ததாக நம்பப்படும் தெற்கு வாசலைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தலித் இயக்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் இன்றுவரை எழுப்பி வருகின்றன. காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்த இளையபெருமாள் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 1969-இல் அளித்த அறிக்கை, நாடெங்கும் தீண்டாமை எவ்வளவு ஆழமாக உயிர்த்திருக்கிறது என்பதை ஆவணப்படுத்தியது. சகஜானந்தர் பணியாற்றிய அதே நிலப்பகுதி அடுத்த தலைமுறைக்கு அவரையும் தந்தது என்பதில் கடலூர் மாவட்டத் தலித் மக்களுக்குத் தனிப் பெருமிதம் உண்டு.

அவரோடு முரண்படும் இடம்

சகஜானந்தரைத் தெய்வமாக்குவது அவருக்குச் செய்யும் நன்றியாகாது. அவர் காங்கிரசில் இருந்தார், சைவத்தில் இருந்தார். அயோத்திதாசர் பௌத்தத்தை மீட்டெடுத்த காலத்துக்குப் பின்னும், 1935-இல் இந்துவாகச் சாகமாட்டேன் என அம்பேத்கர் அறிவித்த பின்னும், அவர் தம் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. இந்து மதத்துக்குள் நின்று சாதியை ஒழிக்க முடியுமா என்ற கேள்வியில் நாம் அம்பேத்கரின் பக்கம் நிற்கிறோம். சாத்திரத்தை ஏற்றுக்கொண்டு சாதியை மட்டும் நீக்குவது இயலாது என்பதே நாங்கள் நாள்தோறும் வன்கொடுமை வழக்குகளில் காண்பது.

எனினும் அவருடைய வழியை அடிபணிதல் என்று ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர். மதம் மாறச் சொன்ன பள்ளியை விட்டு வெளியேறியவர் அவர். சாத்திரம் அறியத் தகுதியில்லை என்றவர்களின் சாத்திரத்தைக் கற்று அவர்களோடே வாதிட்டவர் அவர். கட்சிக்குள் இருந்துகொண்டே தம் மக்களின் கணக்கைக் கேட்டவர் அவர். யாருடைய தயவிலும் தன் சிந்தனையை அடகுவைக்காத ஒருவரை அவருடைய காலத்தின் எல்லைகளோடு சேர்த்தே மதிக்க வேண்டும். 1959 மே 1 அன்று அவர் மறைந்தார். உழைப்பாளர் நாளில் மறைந்த அவருக்குச் சிதம்பரத்தில் மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. பிறந்த நாளன்று மாலைகள் குவிகின்றன. அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை மட்டும் குவியவில்லை.

இன்றைய பட்டியல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 20 விழுக்காடு. நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் வாழும் மண்ணில், உயர்கல்வியின் உச்சியிலிருக்கும் பதவிகளில் அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? சட்டப்படி எதுவும் இல்லை. ஒற்றைப் பதவியில் இட ஒதுக்கீடு கூடாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, சண்டிகர் மருத்துவ நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு துணைவேந்தர்தானே. ஆகவே அந்தப் பதவிக்கான தேடலில் இட ஒதுக்கீடு என்ற சொல்லுக்கே இடமில்லை.

மீதி வேலையைத் தகுதி விதிகள் செய்துவிடுகின்றன. துணைவேந்தராக வேண்டுமெனில் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதி. பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம். முனைவர் பட்டத்துக்கு ஒரு நெறியாளர். நெறியாளர் கிடைக்க அவருடைய மனம் இரங்க வேண்டும். உதவிப் பேராசிரியர் இடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தால், அங்கே தொடங்க வேண்டிய பணிக்காலம் தொடங்கவே இல்லை. ஒரு தலித் ஆசிரியரின் பதவி உயர்வு ஐந்தாண்டு தாமதமானால், தேடல் குழு கூடும் நாளில் அவர் தகுதியற்றவராகிறார் அல்லது ஓய்வு பெற்றுவிடுகிறார். எவரும் அவரை விலக்கவில்லை, கோப்பு விலக்கிவிட்டது.

கீழே, நுழைவு வாசலில், மாணவர்களின் நிலையும் நாங்கள் அறிந்ததே. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்து போராடிப் பெற்றது அது. தனியார் கல்லூரிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2012-இல் அரசாணை 92 பிறப்பித்தது. இருந்தும், அரசுப் பணம் வரத் தாமதமானது என்று காரணம் காட்டித் தேர்வு நுழைவுச் சீட்டையோ மாற்றுச் சான்றிதழையோ நிறுத்திவைக்கும் கல்லூரிகளுக்கு எதிராக அறிவிப்பு அனுப்புவது எங்கள் அலுவலகங்களில் வழக்கமான வேலை. இரண்டு மாதம் கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த பிள்ளை, மூன்றாம் மாதம் செங்கற்சூளைக்குப் போய்விடுகிறது. துணைவேந்தர் பட்டியலில் இல்லாமற் போகும் பெயர்கள் அழிக்கப்படும் இடம் அதுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை. துணைவேந்தர் தேடல் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் கல்வியாளர்களுக்கு இடமளிப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். ஒற்றைப் பதவிக்கு இட ஒதுக்கீடு கூடாதெனில், குழு பரிசீலித்த பெயர்களின் சமூகப் பிரிவு விவரத்தையேனும் வெளியிட வேண்டும். பிறகு நியமிக்கும் கை எதுவாயினும் அது மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பின்னடைவுப் பணியிடங்களை முழுமையாக நிரப்ப வேண்டும். உதவித்தொகை கல்லூரி தொடங்கும் முன்பே மாணவர் கணக்கில் சேர வேண்டும். விடுதிகள் மனிதர் வாழத் தக்கவையாக வேண்டும்.

இவற்றுள் எதையும் நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உணவும் உறைவிடமும் எழுத்தும் ஒன்றாகத் தரப்பட்டால் சேரிப்பிள்ளை எந்த உயரத்தையும் எட்டும் என்று 1916-இல் ஓமக்குளத்தில் ஒருவர் செய்து காட்டினார். அந்த இருபத்தைந்து பேருக்கு அவர் கட்டிய படிகளின் மேல் அடுத்தடுத்த படிகளைக் கட்டும் பொறுப்பு, அவர் பெயரால் மணிமண்டபம் எழுப்பிய அரசுக்கு உண்டு. அதை நினைவூட்டி, மனுவாகவும் வழக்காகவும் போராட்டமாகவும் கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.